பேசில் வளர்ப்பு: எந்த வகை, எங்கே வெட்டுவது, எப்படிச் சமைப்பது

ஒரு மாதம் தளதளவென்று நின்ற பேசில் செடி, திடீரென்று குச்சியாக உயர்ந்து, பூத்து, காய்ந்துவிடும். உரம் போதவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை, இலை பறித்த விதத்தில் இருக்கிறது. அடியிலிருந்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளினால் செடி மொட்டையாகும். கணுவுக்கு மேலே தண்டோடு வெட்டினால் புதராக அடர்ந்து வரும். இந்தச் செய்முறையில் அதிக இடம் அந்த வெட்டுக்குத்தான். அதற்கு முன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: சமையலை வைத்து வகையை முடிவு செய்யுங்கள்

நாம் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்வதும், விதை உறையில் ஸ்வீட் பேசில் என்று இருப்பதும் ஒரே இனம்: ஆசிமம் பாசிலிகம். துளசி அதே பேரினத்தின் வேறு இனம். எல்லாம் உறவுதான் என்றாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சமையலின் சுவையே மாறிவிடும்.

ஜெனோவீஸ்: கரண்டி போல் குழிந்த பெரிய இலை. 45 முதல் 60 செ.மீ. வளரும். பச்சையாகச் சாப்பிடவும், தக்காளியோடு சேர்க்கவும், பெஸ்டோ என்னும் இத்தாலியப் பச்சைச் சட்னி அரைக்கவும் இதுதான். முதல்முறை வளர்ப்பவர்கள் இதில் தொடங்குங்கள்.

தாய் (தாய்லாந்து) பேசில்: ஒடுங்கிய இலை, ஊதாத் தண்டு, சோம்பு வாசனை. இலை சற்றுத் தடிப்பானது; சூட்டில் ஜெனோவீஸைப் போல உடனே துவண்டு மணம் இழக்காது.

எலுமிச்சை பேசில்: ஆசிமம் பாசிலிகமும் நாய்த்துளசியும் கலந்து வந்தது. எலுமிச்சைப்புல்லுக்கு மணம் தரும் சிட்ரல்தான் இதிலும் இருக்கிறது. மிக வேகமாகப் பூத்துவிடும் வகை. வாரம் ஒருமுறையாவது வெட்ட முடியாதவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

துளசி: யூஜினால் என்ற பொருளால் கிராம்பு வாசனை. பச்சையாக மென்றால் காரம் தூக்கலாக இருக்கும். தேநீருக்கும், அதிகச் சூட்டில் வதக்கும் சமையலுக்கும் பொருந்தும்.

டார்க் ஓபல்: கரும் ஊதா இலை. வதக்கினால் நிறம் கறுத்து மங்கும். இதன் இடம் சாலடும் வினிகரும்.

கிரேக்கக் குட்டை பேசில்: சின்னஞ்சிறு இலைகள். 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் பந்து போல நிற்கும். ஜன்னலோரத்தில் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதை வையுங்கள்.

ஆஃப்ரிக்கன் புளூ: கற்பூரத்துளசிக்கும் டார்க் ஓபலுக்கும் பிறந்த கலப்பினம். முளைக்கும் விதை தராது. போத்து வைத்துத்தான் பெருக்க வேண்டும். கற்பூர வாசனை இருப்பதால் சமையலுக்கு அளவோடுதான் சேர்க்க முடியும். ஆனால் தேனீக்களைத் தோட்டத்துக்கு வரவழைப்பதில் இதை மிஞ்ச வேறு பேசில் இல்லை.

படி 2: விதைப்பு

குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ ஈரமான கோகோபீட் (தென்னை நார்த்தூள்) நிரப்புங்கள். ஒரு குழிக்கு 2 அல்லது 3 விதை. மேலே அரை சென்டிமீட்டருக்கு மேல் மூட வேண்டாம். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஈரம் பட்டதும் விதையைச் சுற்றி நீலம் கலந்த வெண்மையாக ஒரு வழவழப்பு தோன்றும். பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது விதையின் இயல்பு.

மண்ணின் சூடு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைக்கும். துளசிக்குக் கூடுதலாகச் சில நாள் பிடிக்கலாம். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் நிழலில் விட்டாலே நாற்று வெளுத்து நீண்டுவிடும். விதையிலை இரண்டுக்கு அடுத்து முதல் ஜோடி உண்மை இலை வந்ததும் குழிக்கு ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றைப் பிடுங்காமல் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் மிச்சமிருக்கும் நாற்றின் வேரும் அசையும்.

சமையலுக்கு விற்கும் சப்ஜா விதையும் பேசில் விதைதான், பெரும்பாலும் முளைக்கும். இலை எந்த வாசனையில் இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

படி 3: தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 20 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள தொட்டி போதும். தரையில் நட்டால் செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். 2 பங்கு தோட்ட மண், 1 பங்கு மட்கிய உரம் அல்லது மண்புழு உரம், 1 பங்கு மணல் என்று கலக்கலாம். நாற்றில் 3 ஜோடி இலை வந்ததும் மாற்றி நடுங்கள்.

தினமும் 6 மணி நேர வெயில் வேண்டும். 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நண்பகலுக்கு மட்டும் நிழல் கொடுங்கள். குளிர்தான் இதற்கு உண்மையான எதிரி: 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையில் கறுப்புத் திட்டுகள் விழும்.

விரலை 2 செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காலையில், இலை நனையாமல், அடியில் ஊற்றுங்கள். உரத்தில் தாராளம் காட்ட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை பெரிதாகும், மணம் குறையும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது.

படி 4: வெட்டு

பேசிலின் தண்டு சதுரமானது. இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடி சேரும் இடம் கணு. கணுவில் இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையே உற்றுப் பார்த்தால் மிகச் சிறிய இரண்டு துளிர்கள் தெரியும். நுனி உயிரோடு இருக்கும்வரை அவை உறங்கும், ஏனென்றால் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அவற்றைத் தடுத்து வைக்கிறது. நுனியை நீக்கினால் இரண்டும் கிளம்பும். ஒரு தண்டு இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது.

செடியில் 4 ஜோடி இலை வந்ததும், சுமார் 15 செ.மீ. உயரத்தில், முதல் வெட்டு. கீழிருந்து இரண்டாவது ஜோடியை எண்ணி, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பாதிச் செடி போகிறதே என்று மனம் பதறும். இந்த முதல் வெட்டை ஒத்திப்போட்டவர்களின் செடிதான் பின்னால் குச்சியாக நிற்கிறது.

புதுக் கிளை ஒவ்வொன்றிலும் 3 ஜோடி இலை வந்ததும், அதன் முதல் ஜோடிக்கு மேலே வெட்டுங்கள். செடி படர்ந்த பிறகு ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலையே இல்லாத அடித்தண்டு வரை வெட்டினால் பல நேரம் துளிர்க்காது.

நுனி இலைகள் சிறுத்து அடுக்கடுக்காக நெருங்கினால் அது பூமொட்டு. மொட்டை மட்டும் கிள்ளினால் கீழ்க்கணுவிலிருந்து மறுபடி மொட்டே வரும். இரண்டு ஜோடி இலை கீழே இறங்கி வெட்டுங்கள். பூத்த கிளையில் புது இலை சிறுக்கும், தண்டு மரம் போலக் கெட்டியாகிவிடும்.

வெட்டியதை நட்டால்

பூக்காத 10 செ.மீ. தண்டை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். 7 முதல் 14 நாளில் வேர் விடும். வேர் 2, 3 செ.மீ. ஆனதும் மண்ணுக்கு மாற்றுங்கள்.

என்ன கெடும், ஏன்

இலையின் மேற்புறம் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு இருந்தால் சத்துக்குறை என்று முடிவு செய்யாமல் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் ஊதாத் தூள் இருந்தால் அடிச்சாம்பல் நோய். இரவில் இலை ஈரமாக இருப்பதும், செடிகள் நெருங்கிக் காற்று புகாததும் அதற்கு வழிவிடும். வந்த இலைக்கு மருந்தில்லை. நோயுற்ற கிளைகளை அகற்றி, நல்ல இலைகளை உடனே அறுவடை செய்துவிடுங்கள். ஜெனோவீஸ் இதற்கு எளிதில் இரையாகும். துளசியும் எலுமிச்சை பேசிலும் ஓரளவு தாங்கும். ஆண்டுதோறும் இந்நோய் வந்தால் ப்ராஸ்பெரா போன்ற எதிர்ப்பு ரகத்தை விதையுங்கள்.

தண்ணீர் இருந்தும் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் வாடி, தண்டில் பழுப்புக் கோடு தெரிந்தால் ஃப்யூசேரியம் வாடல் என்ற பூஞ்சை நோய். செடியை வேரோடு எடுத்து, அந்த மண்ணில் மீண்டும் பேசில் நடாதீர்கள். கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அசுவினிக்கு வேகமான தண்ணீர்ப் பீய்ச்சலே பெரும்பாலும் போதும். காலையில் செய்தால் இலை உலர்ந்துவிடும்.

சமையலறையில்

பறித்த கிளைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கறுக்கும். பூங்கொத்து போலத் தண்ணீரில் நிறுத்தி வெளியில் வையுங்கள். ஜெனோவீஸை அடுப்பை அணைத்த பிறகு கிழித்துப் போடுங்கள், அதன் மணம் சூட்டில் ஆவியாகிவிடும்.

பெஸ்டோவுக்கு: 50 கிராம் இலை, 30 கிராம் பைன் கொட்டை அல்லது முந்திரி, 1 பூண்டுப்பல், 50 கிராம் பார்மசான் சீஸ், 100 மி.லி. ஆலிவ் எண்ணெய். இலையை 10 விநாடி கொதிநீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, நன்றாகப் பிழிந்து அரைத்தால் பச்சை நிறம் நிலைக்கும். கறுக்க வைக்கும் நொதி அந்தச் சூட்டில் செயலிழப்பதே காரணம். மணம் கொஞ்சம் குறையும்; உடனே சாப்பிடுவதாக இருந்தால் இது தேவையில்லை.

எண்ணெயில் மூழ்கிய பச்சை இலையையோ பூண்டையோ அறைவெப்பத்தில் வைக்கவே கூடாது. காற்றில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் நஞ்சு உருவாகலாம். மணமோ நிறமோ அதைக் காட்டிக்கொடுக்காது. குளிர்பதனப் பெட்டியில் 4 நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள்.

டார்க் ஓபல் இலை 1 கப், 5 சதவீத அமிலமுள்ள வெள்ளை வினிகர் 2 கப். இரண்டு வாரம் ஊறினால் வினிகர் ரோஜா நிறத்துக்கு வரும். உலர்த்தி வைக்க ஜெனோவீஸ் தோதுப்படாது, வைக்கோல் வாசனை வந்துவிடும். துளசியை நிழலில் உலர்த்தித் தேநீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

விதை எடுக்க

பருவத்தின் கடைசியில் ஒரு செடியை மட்டும் பூக்க விடுங்கள். பூங்கதிர் பழுப்பானதும் வெட்டி, காகிதப் பையில் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் கறுப்பு விதை தங்கும். அருகருகே பல வகைகள் பூத்திருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் விதைக்கென்று ஒதுக்கிய வகையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மொட்டுகளையும் அந்த வாரங்களில் தவறாமல் வெட்டிக்கொண்டே இருங்கள்.