புனேயில் புதுக்குடித்தனம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வருபவர்களில் பலர், ஊரின் போக்கு பிடிபடும் முன்பே, வந்த வாரத்திலேயே வீடு பிடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்து, பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முறையாக மாநிலம் விட்டு மாநிலம் வருபவர்களுக்காக, வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன்

குடும்பத்தோடு இடம்பெயர்பவர்கள் எரிவாயு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவதோடு, இணைப்பை முடித்ததற்கான வவுச்சரையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டித்தான் புது ஊரில் இணைப்பு பெற முடியும். சொந்த வண்டியைக் கொண்டுவருபவர்கள், அது பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற்றாக வேண்டும்.

படி 2: முதல் மாதம் பிஜியில்

வாகட் பகுதியில் நான் வீடு பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து ஹிஞ்சவடியில் உள்ள அலுவலகத்துக்கு இருபதே நிமிடத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அன்று மாலையே முன்பணம் கொடுத்தேன். மறுநாள் காலை அதே பாதையில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆகவே, முதல் மாதம் அலுவலகத்துக்கு அருகிலுள்ள பிஜி விடுதியில் தங்கி, பார்க்கும் வீட்டிலிருந்து வேலை நாளில், வேலை நேரத்தில் ஒருமுறையாவது சென்று பாருங்கள். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மழைக்காலத்தில் வீடு பார்ப்பது ஒரு வகையில் நல்லதுதான். எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 3: ஒப்பந்தம்

இதில் மட்டும் அவசரமே கூடாது. நம் ஊரில் 11 மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது வழக்கம். மகாராஷ்டிரத்தில் அது போதாது. இங்கே வீடு பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில், அதாவது வீட்டின் மேல் உரிமை எதுவும் தராமல் குறிப்பிட்ட காலம் தங்க அனுமதி மட்டும் தரும் முறையில், கொடுக்கப்படுகிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-ஆவது பிரிவின்படி, கால அளவு எதுவானாலும் அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. பதிவு செய்யாமல் விட்டு, பின்னர் தகராறு வந்தால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதையே, அது தவறென்று நிரூபிக்கப்படும்வரை, சட்டம் ஏற்கும். முகவரே விரல்ரேகைக் கருவியோடு வீட்டுக்கு வந்து, ஆதார் வழியாக இணையத்தில் பதிவை முடித்துவிடுவார். கருவியில் விரல் வைக்கும் முன், வண்ணம் பூசும் செலவு யாருடையது, முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்ற இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்துவிடுங்கள்.

படி 4: முகவரி மாற்றங்கள்

பதிவான ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டால் மற்றவை எளிது. முதலில் ஆதார், அடுத்து வங்கி, பிறகு எரிவாயு இணைப்பு என்று போனால் ஒன்றின் சான்று அடுத்ததற்கு உதவும். இங்கேயே நிலைப்பது என்று முடிவான பிறகு, வாக்காளர் பட்டியல் மாற்றத்துக்குப் படிவம் 8-ஐ நிரப்பினால் போதும்.

படி 5: கடைவீதி மராத்தி

இலக்கணத்தை விடுங்கள், எண்களிலிருந்து தொடங்குங்கள். 'கிதி' என்றால் எவ்வளவு, 'பாஹிஜே' என்றால் வேண்டும், 'நகோ' என்றால் வேண்டாம். ஒன்று முதல் நூறு வரை மனப்பாடம் செய்த பிறகும் கடையில் தடுமாற வைப்பவை பின்னங்கள்தான். 'சவ்வாஷே' என்றால் 125, 'தீட்ஷே' என்றால் 150, 'அடீச்ஷே' என்றால் 250. 'பாவணே தோன்ஷே' என்று ஒரு காய்கறிக்கார அம்மாள் சொன்னபோது, என் காதில் 'தோன்ஷே', அதாவது இருநூறு, மட்டுமே விழுந்தது, அதையே நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே 25 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டுக்குக் கால் குறைவு என்று கழித்துச் சொல்லும் முறை அது. ஒன்றேமுக்கால் என்று கூட்டியே சொல்லிப் பழகிய நமக்கு அது பிடிபடச் சில வாரங்கள் ஆகும். ஆட்டோ ஓட்டுநரை 'தாதா' என்றும், கடைக்காரப் பெண்ணை 'தாயி' என்றும், மூத்தவராக இருந்தால் 'மாவ்ஷி' என்றும் அழைத்தால் பேச்சு சுமுகமாகத் தொடங்கும்.

படி 6: அடுப்படி

புழுங்கல் அரிசியை 'உக்டா தாந்தூள்' என்று கேட்டு வாங்க வேண்டும். மணமாக இருக்கிறதே என்று இந்திராயணி அரிசியை வாங்கிவிடாதீர்கள். அது வெந்ததும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சாம்பார் சாதத்துக்கு ஒத்துவராது, கோலம் அரிசியே பொருத்தம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்த நாள்களில் இட்லி மாவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தை ஒரு கம்பளியில் சுற்றி வைத்தால்தான் காலையில் பொங்கியிருக்கும்.