குயில்ட் பைண்டிங்: கடைசி ஜாயின்ட் முறுக்காம வர்றதுக்கு நான் பண்ற முறை

போன குளிர்காலத்துல முடிஞ்சிருக்க வேண்டிய ஒரு குயில்ட் (துண்டுத் துணி சேர்த்து தைக்கிற போர்வை), இந்தக் குளிர்காலம் வரைக்கும் அலமாரியிலயே இருந்துச்சு. மேல்துணி தைச்சாச்சு, நடுவுல பேட்டிங் (பஞ்சு லேயர்) வெச்சு மூணு லேயரையும் சேர்த்து குயில்ட்டிங் பண்ணியாச்சு, ஓரத்தை மூடுற பட்டியான பைண்டிங்கையும் நாலு பக்கமும் சுத்தி வந்தாச்சு, மூலைகூட நல்லா வந்துச்சு. ஆனா ஆரம்பிச்ச முனையும் முடியுற முனையும் சந்திக்கிற அந்த இடத்துல மட்டும் மூணு தடவை தைச்சு மூணு தடவையும் பிரிச்சேன். ஒரு தடவை முறுக்கிக்கிச்சு, ஒரு தடவை பட்டி அரை இன்ச் பத்தல, ஒரு தடவை லூசா தொங்குச்சு. அப்புறம் மனசே வராம மடிச்சு உள்ள வெச்சுட்டேன். இப்ப அது முடிஞ்சு அம்மா கால் மேல கிடக்கு. எப்படி சரி பண்ணினேன்னு எழுதி வெச்சா புதுசா பழகுற யாருக்காவது உதவும்.

மெஷின்ல நூல் கோக்கிறது, சதுரம் வெட்டி வரிசையா சேர்க்கிறது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு எடுத்துக்கிறேன். முன்னாடி வர்ற வேலைகளை சுருக்கமா சொல்லிட்டு நேரா பைண்டிங்குக்குப் போயிடலாம்.

என்னோடது 5 இன்ச் சதுரம் 120. அகலத்துல 10, நீளத்துல 12. கால் இன்ச் தையல் போனதும் ஒவ்வொண்ணும் 4.5 இன்ச் ஆகும், மொத்தம் 45க்கு 54 இன்ச். வெட்டுறதும் சேர்க்கிறதும் வெயில் காலத்துல பண்ணேன். அந்த மாசங்கள்ல மடியில கனமா எதையும் வெச்சுக்க முடியாது, சின்னச் சின்ன துண்டா இருந்தா ஃபேன் அடியில உட்கார்ந்து சேர்த்துக்கிட்டே இருக்கலாம்.

இங்க ஒரே ஒரு விஷயம். கால் இன்ச்னு மெஷின்ல இருக்கிற கோட்டை அப்படியே நம்பாதீங்க. 1.5 இன்ச் அகலத்துல மூணு பட்டி வெட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்த்து தைச்சு, இஸ்திரி போட்டு அளந்து பாருங்க, நடுப்பட்டி சரியா 1 இன்ச் இருக்கணும், மொத்தம் 3.5 இன்ச் இருக்கணும். நடுப்பட்டி சின்னதா வந்தா தையலை ஒரு நூல் அளவுக்கு ஓரமா தள்ளணும். ஒரு நூல் தானேன்னு தோணும், ஆனா ஒவ்வொரு தையலும் ஓரத்துல இருந்து 1/16 இன்ச் உள்ள போனா ரெண்டு துண்டுலயும் சேர்த்து 1/8 இன்ச் போகுது, 10 சதுரம் வரிசைக்கு 9 தையல், ஆக வரிசையே ஒரு இன்சுக்கு மேல குறைஞ்சிடும்.

மழைக்காலத்துல மூணு லேயரையும் தரையில விரிச்சு ஊக்கு குத்தினேன். பேட்டிங்கும் அடித்துணியும் ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் கூடுதலா இருக்கணும், ஊக்கு கையகலத்துக்கு ஒண்ணு. குயில்ட்டிங்குக்கு வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியையும் ஒண்ணா நகர்த்துற மெஷின் ஃபுட்) கண்டிப்பா வேணும்னு தான் நான் சொல்வேன். சாதாரண ஃபுட்ல அடித்துணி மட்டும் முன்னாடி போகும், மேல்துணி பின்தங்கி சுருக்கம் விழும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நூல் 50 வெயிட் (நூலோட தடிமன் அளவு) காட்டன், நான் வேற எதுக்கும் மாறுறதா இல்ல. ஊசியை சுமார் 8 மணி நேரம் தைச்சதும் மாத்திடுங்க. மழுங்கின ஊசி குத்துறப்ப டொக் டொக்னு ஒரு சத்தம் வரும், அது கேட்டா யோசிக்கவே வேண்டாம்.

சரி, இப்ப பைண்டிங்.

படி 1: பட்டி எத்தனை வேணும்

குயில்ட்டோட சுற்றளவு 45ம் 54ம் கூட்டி ரெண்டால பெருக்கினா 198 இன்ச். அதோட 12 இன்ச் கூடுதல், 210. துணியோட அகலத்துல உபயோகப்படுறது 42 இன்ச்னு வெச்சா 5 பட்டி சரியா 210 வருது இல்லையா? நானும் அப்படித்தான் கணக்கு போட்டு 5 பட்டி வெட்டினேன், பத்தாம போச்சு. ஏன்னா பட்டிகளை குறுக்குத் தையல் (மூலைக்கு மூலை சாய்வா போடுற தையல்) போட்டு சேர்க்கிறப்ப ஒவ்வொரு ஜாயின்ட்டும் பட்டியோட அகலத்தை, அதாவது 2.5 இன்ச்சை சாப்பிட்டுடும். 4 ஜாயின்ட்டுக்கு 10 இன்ச் போச்சு, கையில 200 தான். அதனால 6 பட்டி வெட்டுங்க, 15 இன்ச் துணி ஆகும். மிச்சம் வர்றதை தூக்கிப் போடாதீங்க, பின்னாடி ஒரு வேலை இருக்கு.

வெட்டுறதுக்கு ரோட்டரி கட்டர் (வட்ட பிளேடு உருண்டு வெட்டுற கத்தி), 45 மில்லிமீட்டர் பிளேடு. 1979ல ஓல்ஃபா கம்பெனி இதைக் கொண்டு வர்ற வரைக்கும் எல்லாரும் அட்டை வெச்சு கோடு போட்டு கத்தரிக்கோல்ல தான் வெட்டினாங்க. பட்டி மாதிரி நீளமா வெட்டுறதுக்கு இதை விட நல்ல சாமான் கிடையாது. ஒவ்வொரு தடவை கீழ வைக்கிறப்பவும் பிளேடை மூடிடுங்க, வீட்ல குழந்தை இருந்தாலும் இல்லன்னாலும்.

படி 2: சேர்த்து, மடிச்சு, இஸ்திரி

பட்டிகளை குறுக்கா சேர்த்து, கால் இன்ச் விட்டு மிச்சத்தை வெட்டி, தையலை ரெண்டு பக்கமும் விரிச்சு அமுக்குங்க. அப்புறம் முழு பட்டியையும் நீளவாக்குல பாதியா மடிச்சு இஸ்திரி போடுங்க. இழுத்துத் தேய்க்காதீங்க, வெச்சு அமுக்கி எடுங்க, இழுத்தா பட்டி நெளியும்.

நேரான ஓரம் இருக்கிற குயில்ட்டுக்கு கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வா வெட்டின பட்டி) தேவையில்ல. ஓரம் வளைவா இருந்தா மட்டும் கிராஸ்ல வெட்டுங்க.

படி 3: சுத்தி தைக்கிறது

குயில்ட்டோட மூலையெல்லாம் செங்கோணமா வர்ற மாதிரி ட்ரிம் பண்ணிட்டு, கீழ்ப்பக்கத்து நடுவுல ஆரம்பிங்க, மூலை பக்கத்துல வேண்டாம். பட்டியோட வெட்டின ஓரமும் குயில்ட்டோட வெட்டின ஓரமும் ஒண்ணா இருக்கணும், மடிப்பு உள்பக்கம் பார்க்கணும். முதல்ல 10 இன்ச் வாலை தைக்காம விடுங்க. தைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பட்டியை சும்மா சுத்தி வெச்சுப் பாருங்க, பட்டி ஜாயின்ட் ஏதாவது மூலையில வந்து விழுந்தா ஆரம்பிக்கிற இடத்தை கொஞ்சம் நகர்த்திக்கோங்க, இல்லன்னா அந்த மூலை தடிச்சுப் போய் மடியவே மடியாது.

மூலைக்கு கால் இன்ச் இருக்கிறப்பவே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கி மடிச்சு, திரும்ப கீழ் நோக்கி அடுத்த ஓரத்தோட சேர்த்து மடிச்சு, மேல் விளிம்புல இருந்து தொடருங்க. நாலு மூலையும் முடிஞ்சு ஆரம்பிச்ச இடத்துக்கு 12 இன்ச் இருக்கிறப்ப நிறுத்திடுங்க. இந்த இடைவெளி சின்னதா இருந்தா அடுத்த படி பண்ணவே முடியாது, கை நுழையாது. என்னோட முதல் தடவை சொதப்பினதுக்கு இதுவும் காரணம், நான் 5 இன்ச் தான் விட்டிருந்தேன்.

படி 4: கடைசி ஜாயின்ட்

இதை அவசரப்படாம பண்ணுங்க. ராத்திரி தூக்கக் கலக்கத்துல வேண்டாம். பகல் வெளிச்சத்துல, குயில்ட் முழுசும் மேசை மேல இருக்கிற மாதிரி வெச்சுக்கோங்க, பாதி கீழ தொங்கினா அந்த கனமே பட்டியை இழுக்கும்.

ரெண்டு வாலையும் இடைவெளி மேல தட்டையா படுக்க வைங்க. ஆரம்ப வாலோட முனையை நேரா வெட்டிக்கோங்க. முடிவு வாலை அதுக்கு மேல படுக்க வெச்சு, ஆரம்ப முனையைத் தாண்டி எவ்வளவு மேலேறணும்னா, பட்டியோட விரிச்ச அகலம் எவ்வளவோ அவ்வளவு. 2.5 இன்ச் பட்டின்னா 2.5 இன்ச். ஸ்கேல் தேட வேண்டாம், படி 1ல மிச்சம் வந்த துண்டு இருக்கில்ல, அதை விரிச்சு குறுக்கா வெச்சா அதுவே அளவு. அந்த இடத்துல வெட்டுங்க. இங்க தான் நான் ரெண்டு தடவை தப்பு பண்ணேன். சந்திக்கிற இடத்துல முட்டுக்கு முட்டா வெட்டினா பட்டி பத்தாது, கண்ணால ஒரு மதிப்பா கூட விட்டு வெட்டினா தொங்கும். மேலேறுற அளவு பட்டி அகலத்துக்கு சமமா இருந்தா மட்டும் தான் அளவெடுத்த மாதிரி உட்காரும்.

அடுத்தது முறுக்கு. குயில்ட்டை இடைவெளி இருக்கிற இடத்துல பாதியா மடக்கி ஒரு கிளிப் போடுங்க, அப்பத்தான் ரெண்டு வாலுக்கும் தாராளமா இடம் கிடைக்கும். இப்ப ரெண்டு வாலையும் மடிப்பு பிரிச்சு விரிங்க. இடது வாலோட நல்ல பக்கம் மேல பார்க்கட்டும். வலது வாலை நல்ல பக்கம் கீழ பார்க்கிற மாதிரி அதுக்கு மேல செங்குத்தா வைங்க. ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரு சதுரம் வரும், மொத்தமா பார்த்தா ‘ட’ எழுத்து மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிற ‘ட’வா வேணா இருக்கட்டும். சதுரத்துக்கு நாலு மூலை. அதுல ஒண்ணு ‘ட’வோட உள்முழங்கை, அதுக்கு எதிர்ல இருக்கிறது வெளிமுனை. இந்த ரெண்டையும் தொடக் கூடாது. மிச்சம் இருக்கிற ரெண்டு மூலையையும் சேர்த்து பென்சில்ல ஒரு கோடு போடுங்க, அது தான் தையல் கோடு. வலது, இடது, மேல, கீழன்னு மனப்பாடம் பண்ணி வெச்சுட்டு குயில்ட் வேற பக்கம் திரும்பினதும் குழம்பிப் போனவ நான், இந்த ‘ட’ கணக்கு வந்த அப்புறம் அந்தக் கோடு ஒரு தடவை கூட மாறல.

உடனே மெஷினுக்குப் போகாதீங்க. கோட்டு மேல மூணு குண்டூசி குத்துங்க, இல்லன்னா நூல்ல பெருசா நாலு தையல் ஓட்டுங்க. கிளிப்பை எடுத்துட்டு, பட்டியைத் திரும்ப பாதியா மடிச்சு குயில்ட் ஓரத்துல படுக்க வைங்க. தட்டையா உட்காருதா? மடிப்பு முழுக்க உள்பக்கம் பார்க்குதா? உட்கார்ந்தா தைங்க. எங்கயாவது புரண்டு நின்னா ஒரு வாலை அரைச்சுத்து திருப்பி, திரும்ப குத்திப் பாருங்க. தைச்சதும் இன்னொரு தடவை படுக்க வெச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறம் தான் வெளிமுனை பக்கத்து முக்கோணத்தை கால் இன்ச் விட்டு வெட்டணும். நான் பார்க்காமலே வெட்டினதால தான் அந்த ஒரு வருஷம் போச்சு. தையல் தப்பா இருந்தா பிரிச்சுடலாம், வெட்டின துணி திரும்ப வராது. கடைசியில சுமார் 20 இன்ச் பைண்டிங்கைப் பிரிச்சு, மிச்சத் துண்டை ஒட்டுப் போட்டு தான் சரி பண்ணேன். பட்டி மிச்சம் வெச்சுக்கோங்கன்னு சொன்னது அதுக்கும் சேர்த்து தான்.

தையலை விரிச்சு அமுக்கி, மடிச்சு, மிச்ச ஓரத்தை தைச்சுடுங்க.

படி 5: பின்பக்கம்

பட்டியைப் பின்னாடி திருப்பி கையால எம்மிங். மெஷின்லயும் போடலாம், சீக்கிரம் முடியும், குழந்தைங்க இழுத்துட்டுத் திரியுற குயில்ட்டுன்னா மெஷின் தையல் நல்லா தாங்கும். ஆனா எனக்குக் கைத்தையல் தான் பிடிக்கும். வேலை எல்லாம் முடிஞ்ச அப்புறம் குளிர்ல குயில்ட்டை மடியில போட்டுக்கிட்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு தைச்சேன், நாலு ராத்திரி ஆச்சு. தைக்கிற குயில்ட்டே காலை கதகதப்பா வெச்சிருக்கும். நாலாவது ராத்திரி அம்மா எதிர் ஓரத்தை எடுத்து அவங்க கால் மேலயும் போட்டுக்கிட்டாங்க, அப்படியே தூங்கியும் போயிட்டாங்க, நான் அவங்களை எழுப்பாம மிச்சத்தை தைச்சு முடிச்சேன்.

பின்சேர்க்கை 1: ஒருத்தங்க இதே மாதிரி பண்ணியும் பட்டி லூசா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. அவங்க பட்டி 2.25 இன்ச், ஆனா மேலேத்தினது 2.5 இன்ச். அந்த கால் இன்ச் தான் தொங்குது. 2.5ங்கிறது என் பட்டியோட அகலம், உங்க பட்டி எவ்வளவோ அவ்வளவு தான் மேலேறணும். மேல தெளிவா சொல்லாதது என் தப்பு, இப்ப திருத்திட்டேன்.

பின்சேர்க்கை 2: முதல் வாஷ்ல சிவப்பு பைண்டிங் சாயம் போய் வெள்ளை சதுரமெல்லாம் ரோஸ் ஆயிடுச்சுன்னு இன்னொரு அக்கா சொன்னாங்க, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. அடர்த்தியான கலர் துணியை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு அது மேல அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, கலர் ஒட்டினா முதல்ல தனியா அலசிடுங்க. துவைச்ச குயில்ட்டை ஈரத்தோட மடிச்சு வெச்சிடாதீங்க, மடிப்புல தான் சாயம் இறங்கும். காட்டன் பேட்டிங் முதல் வாஷ்ல 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அதனால லேசா சுருக்கம் விழுந்த மாதிரி தெரியும், பயப்படாதீங்க. மழை நாள்ல மட்டும் துவைக்காதீங்க, உள்ள இருக்கிற பஞ்சு காயுறதுக்குள்ள வாடை வந்துடும்.

பின்சேர்க்கை 3: வெயில் காலம் முழுக்க எப்படி எடுத்து வைக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய காட்டன் தலையணை உறையில போட்டு வைங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து வேற கோட்டுல மடிச்சு வைங்க, ஒரே மடிப்புல கிடந்தா அந்த இடத்துல நூல் நைஞ்சு போகும். நான் அடுத்த குயில்ட்டுக்கு துண்டு வெட்ட உட்கார்ற அன்னைக்கு இதையும் எடுத்து மடிச்சு வெச்சுடுவேன். இப்ப தம்பி குழந்தைக்கு மஞ்சளும் சாம்பலும் கலந்து ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன், 36க்கு 36, சுற்றளவு 144, பட்டி 4 போட்டா 168 வரும், ஜாயின்ட்டுக்கு 7.5 போனா 160.5. இந்தத் தடவை கணக்கு முதல்லயே போட்டாச்சு.