பார்த்த படத்தைப் பற்றிப் பயன்படும்படி கருத்துச் சொல்வது எப்படி?

படம் பார்த்துவிட்டு வருபவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "படம் எப்படி இருக்கிறது?" என்பதுதான். அதற்கு வரும் விடைகள் பெரும்பாலும் "சூப்பர்", "மொக்கை", "ஒரு தடவை பார்க்கலாம்", "இரண்டாம் பாதி இழுவை" என்ற நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றில் பொய் எதுவும் இல்லை; ஆனால் கேட்டவர் இவற்றை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது. சொன்னவருக்கு எது பிடித்தது, எங்கே சலித்தது, தமக்கும் அப்படியே தோன்றுமா என்பவற்றில் ஒன்றுகூட அவருக்குத் தெரிவதில்லை. சினிமாவைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரணப் பார்வையாளர் ஒருவர், தாம் அண்மையில் பார்த்த படத்தைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் அது பிறருக்கு உதவும்படி எப்படிச் சொல்லலாம் என்பதையே இங்கே விளக்குகிறேன்.

விமர்சகரின் வேலை வேறு. அவர் ஒரு படத்தை அந்த இயக்குநரின் முந்தைய படங்களோடும், அதே வகைப் படங்களின் வரலாற்றோடும் சேர்த்து எடைபோடுகிறார். பார்வையாளரிடம் அந்தச் சுமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் சாட்சியைப் போலப் பேசினால் போதும்: திரையில் என்ன நடந்தது, அப்போது தமக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், கண்டது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். பார்க்கலாமா வேண்டாமா என்ற முடிவைக் கேட்பவர் தாமே எடுத்துக்கொள்வார்.

படம் முடிந்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள்

படம் பார்த்த சூட்டோடு எழுதுவது நல்லதா, ஒரு நாள் ஆறப்போட்டு எழுதுவது நல்லதா என்று பலரும் கேட்பதுண்டு. நடந்ததை உடனே குறித்துக்கொண்டு, கருத்தை மறுநாள் எழுதுவதே சிறந்தது என்பது என் எண்ணம். ஏனெனில் நம் நினைவு ஓர் அனுபவத்தை முழுதாகச் சேமித்து வைப்பதில்லை. உளவியலாளர் டேனியல் கானெமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் பங்கேற்றவர்கள் ஒருமுறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தனர்; இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி கையை எடுக்காமல் இருந்தனர், ஆனால் அந்த 30 விநாடியில் நீரின் வெப்பம் மெதுவாக 15 டிகிரிக்கு உயர்த்தப்பட்டது. எதைத் திரும்பச் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தனர். மொத்த வலி அதில்தான் அதிகம். முடிவு சற்று இதமாக இருந்ததால் அது குறைவாகத் தோன்றியது. கிளைமாக்ஸ் நன்றாக அமைந்த படத்தில் நடுவே கொட்டாவி விட்ட 40 நிமிடத்தை நாம் மறப்பதும், முடிவு சொதப்பியதால் அதுவரை ரசித்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தே தள்ளிவிடுவதும் இப்படித்தான்.

ஆகவே வெளியே வந்ததும் நான்கைந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நேரம் பார்த்தீர்கள், எந்த இடத்தில் கை தானாகக் கைபேசியைத் தேடியது, எங்கே சிரித்தீர்கள், எங்கே தொண்டை அடைத்தது, எந்தக் காட்சியில் யார் யாரென்று குழம்பினீர்கள் என்பவை போதும். நடிகர்களின் பெயரும் கதைச்சுருக்கமும் எங்கும் கிடைக்கும். இந்தக் குறிப்புகள் உங்களிடம் மட்டுமே இருக்கும்.

இவற்றை எழுதி முடிக்கும்வரை மற்றவர்களின் கருத்தைப் படிக்காதீர்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 14,000-க்கும் மேற்பட்டோர் முன்பின் அறியாத பாடல்களைக் கேட்டு, பிடித்தவற்றைப் பதிவிறக்கினர். முன்பு எத்தனை பேர் பதிவிறக்கினர் என்ற எண்ணிக்கையைக் காட்டியபோது, பிரபலமானவை மேலும் பிரபலமாயின. தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது, எந்தப் பாடல் உச்சிக்குப் போகிறது என்பதும் குழுவுக்குக் குழு மாறியது. ரசனை இப்படி எளிதில் மற்றவர் பக்கம் சாய்வதால், முதல் குறிப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

பொதுச்சொல்லை விட்டுக் காட்சிக்கு வாருங்கள்

கருத்துகளில் நான் காணும் பெரிய குறை, பாராட்டோ குறையோ எந்தக் காட்சியையும் தொடாமல் நிற்பதுதான். ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். வேலை போய்விட்ட செய்தியைத் தந்தையிடம் சொல்ல வருகிறாள் ஒரு மகள். அவர் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் திருப்புளியையோ டார்ச்சையோ கேட்கிறார். அவள் எடுத்துக் கொடுக்கிறாள். கடைசியில் மின்விசிறி ஓடுகிறது, அவர் முகம் மலர்கிறது, அவள் சொல்லாமலே எழுந்து போகிறாள். பின்னணி இசை இல்லை.

இதைப் பார்த்த ஒருவர், "அப்பா மகள் சென்டிமென்ட் நன்றாக வந்திருக்கிறது" என்று எழுதினால், கேட்பவருக்கு ஏற்கெனவே பார்த்த பத்துப் படங்கள் நினைவுக்கு வருமே தவிர இந்தப் படம் வராது. "மகள் தன் துயரத்தைச் சொல்ல முயலும் காட்சியில் இருவரும் மின்விசிறியைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள், அவள் சொல்லாததை நான் இருக்கையில் இருந்தபடி சொல்லிவிடத் துடித்தேன்" என்று எழுதினால், படம் எத்தகையது என்பது புரிந்துவிடும். மெதுவான, அடக்கமான படங்களை விரும்புபவர் உடனே அதைத் தேடிப் போவார். விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர் ஒதுங்கிக்கொள்வார். இருவருக்குமே அந்த ஒரு வாக்கியம் உதவி செய்திருக்கிறது. ஒரு கருத்தில் இப்படி ஒரு காட்சி இருந்தால் போதும். ஐந்து காட்சிகளை வரிசைப்படுத்தினால் அது கதைச்சுருக்கமாகிவிடும்.

காட்சியைச் சொன்ன பிறகு, அதன் பெருமையையோ குறையையோ யார் கணக்கில் வைப்பது என்பதில் நிதானம் தேவை. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை சினிமா கற்பவர்கள் அனைவரும் அறிந்தது. நடிகர் ஒருவரின் ஒரே முகத்தை, ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் சேர்த்து வெட்டி ஒட்டிக் காட்டியபோது, அந்த முகத்தில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிவதாகப் பார்த்தவர்கள் நடிப்பை மெச்சினார்களாம். முகம் மாறவே இல்லை. இதனால் நடிப்பைப் பாராட்டக் கூடாது என்று பொருளில்லை. எது யாருடைய வேலை என்று உறுதியாகத் தெரியாதபோது, "அந்தக் காட்சி என்னை உலுக்கியது" என்று மட்டும் சொல்வதே நேர்மை.

தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொல்ல விரும்பினால், கலைச்சொற்களைத் தேட வேண்டியதில்லை. ஒளிப்பதிவு என்றதும் மலையும் கடலும் அழகாகத் தெரிந்ததைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். அதைவிட, இரவுக் காட்சிகளில் முகங்கள் தெரிந்தனவா, சண்டை நடக்கும்போது யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது புரிந்ததா என்று பாருங்கள். இசையைப் பொறுத்தவரை, வசனம் காதில் விழுந்ததா, காட்சி அழவைப்பதற்கு முன்பே வயலின் அழத் தொடங்கிவிட்டதா என்பதைச் சொன்னால் போதும். "எடிட்டர் 20 நிமிடத்தை வெட்டியிருக்கலாம்" என்பது மிகவும் தேய்ந்துபோன வாக்கியம். எந்தக் காட்சியை வெட்டியிருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அதை எழுதுங்கள். ஒரே தகவலை மூன்று காட்சிகள் திரும்பத் திரும்பச் சொல்வதால் வரும் சலிப்பு பெரும்பாலும் திரைக்கதையிலேயே தொடங்கியிருக்கும்.

லாஜிக் மீறல் என்று குற்றம் சாட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: படம் உலக நடப்பை மீறுகிறதா, தானே வகுத்த விதியை மீறுகிறதா? மாயக்கதையில் ஒருவர் பறப்பது குறையாகாது. பகலில் பறக்க முடியாது என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, கிளைமாக்ஸில் நட்டநடுப் பகலில் காரணமில்லாமல் பறந்தால் அது குறைதான்.

உங்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்

கருத்துச் சொல்பவர் யார், எந்த நிலையில் படத்தைப் பார்த்தார் என்பது தெரியாவிட்டால் அந்தக் கருத்தைப் பாதிதான் பயன்படுத்த முடியும். திரையரங்கிலா, தொலைக்காட்சியிலா, கைபேசியிலா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இன்றைய படங்களில் பலவும் 2.39-க்கு 1 என்ற அகலமான விகிதத்தில் எடுக்கப்படுகின்றன. கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்ப்பவருக்கு அது ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும். 5.1 போன்ற முறைகளில், பல திசைகளில் வைத்த ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்பட்ட ஒலி, தொலைக்காட்சியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்கும்போது வசனத்தை அமுக்கிவிடுவதும் உண்டு. வெளிச்சமான அறையில் பார்த்துவிட்டு, "படம் முழுக்க ஒரே இருட்டு" என்று எழுதுவது படத்துக்கு இழைக்கும் அநீதி.

எதிர்பார்ப்பையும் மறைக்காதீர்கள். அமெரிக்காவில் 1979 முதல் இயங்கும் சினிமாஸ்கோர் நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாளிலேயே திரையரங்கில் பார்வையாளர்களிடம் தரம் கேட்டு வாங்குகிறது. முதல் நாளே வருபவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் என்பதால், நல்ல தரம் கிடைப்பது அங்கே இயல்பு; அவர்களே குறைத்து மதிப்பிட்டால்தான் அது பெரிய செய்தியாகிறது. நீங்கள் அந்த நடிகரின் ரசிகர் என்றால் அதைச் சொல்லிவிட்டே பாராட்டுங்கள். திகில் படமே பிடிக்காதவர் திகில் படத்துக்குப் போய்விட்டு வந்து எழுதினால் அதையும் சொல்ல வேண்டும். பாதியில் எழுந்து வந்தவர், எதுவரை பார்த்தார் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் சொல்வதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை.

கதையை எவ்வளவு சொல்லலாம்?

ஸ்பாய்லர், அதாவது கதையின் திருப்பத்தையோ முடிவையோ முன்கூட்டியே உடைத்துவிடுவது, பற்றி ஆய்வு சொல்வது சற்று வியப்பானது. ஜோனத்தன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் சராசரியாகக் கதையை இன்னும் அதிகமாக ரசித்தனர். அப்படியிருந்தும், கதையை உடைக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். முடிவு தெரியாமல் பார்க்கும் அனுபவம் ஒருவருக்கு ஒருமுறைதான் கிடைக்கும். அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. ட்ரெய்லரில் காட்டப்பட்டதும், படத்தின் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடுவதும் சொல்லத் தக்கவை. "கடைசி 20 நிமிடத்தில் யாரும் எதிர்பார்க்காத ட்விஸ்ட்" என்று எழுதுவதும் கதையை உடைப்பதுதான், ஏனெனில் அதைப் படித்தவர் படம் முழுவதும் அந்தத் திருப்பத்தையே துப்பறிந்துகொண்டிருப்பார். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், எச்சரிக்கையைத் தனி வரியில் போட்டு, போதிய இடைவெளி விட்டு எழுதுங்கள்.

மதிப்பெண்ணும் பரிந்துரையும்

நட்சத்திரங்களும் மதிப்பெண்களும் பார்க்க எளியவை, ஆனால் எளிதில் ஏமாற்றுபவை. பட விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களின் பெயரில் காட்டப்படும் சதவீதம், எத்தனை பேர் படத்தைச் சாதகமாக எழுதினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்வதில்லை. எழுதிய அனைவருமே "பரவாயில்லை" என்று மட்டும் சொன்ன படமும் அங்கே 100 சதவீதம் பெறலாம். பாதிப் பேர் கொண்டாடி, பாதிப் பேர் வெறுத்த துணிச்சலான படம் 50-இல் நின்றுவிடும். நீங்கள் மதிப்பெண் தராமலே விடலாம். தந்தால், அதே அளவுகோலில் வேறு எந்தப் படத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைவிடப் பயன் தருவது, யாருக்கு ஏற்ற படம் என்ற ஒரு வாக்கியம். குழந்தைகளோடு பார்க்க முடியுமா, ரத்தமும் வன்முறையும் எந்த அளவுக்கு இருக்கின்றன, பாலியல் வன்முறையோ தற்கொலையோ திரையில் நேரடியாகக் காட்டப்படுகிறதா என்பவற்றை விளம்பரங்கள் சொல்வதில்லை. வேகமாக ஒளி மின்னும் காட்சிகள், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. அப்படி ஒரு நீண்ட காட்சி இருந்தால் அதைக் குறிப்பிடுவது பெரிய உதவி.

பிடிக்காத படத்தைப் பற்றிக் கடுமையாகவே எழுதலாம். கடுமை திரையில் இருப்பதோடு நிற்க வேண்டும். நடிகரின் நிறம், உடல், வயது ஆகியவற்றைக் கேலி செய்வதும், படத்தை ரசித்தவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஏசுவதும் படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. படிப்பவரின் மனத்தை மட்டும் கசக்கச் செய்கின்றன. யாராவது உங்களை மறுத்துப் பேசினால், எந்தக் காட்சி அவருக்குப் பிடித்தது என்று கேளுங்கள். ஒரே காட்சியை இருவரும் வெவ்வேறாகப் பார்த்திருந்தால் அங்கிருந்து நல்ல உரையாடல் தொடங்கும். சில மாதம் கழித்து மறுபடி பார்த்துக் கருத்து மாறினால், பழைய பதிவை அழிக்காமல், அதன் கீழே தேதியிட்டு, எந்தக் காட்சி இம்முறை வேறாகத் தெரிந்தது என்று மட்டும் சேர்த்து எழுதுங்கள்.