தரையிறங்கும் நேரத்தில் கவனம் சிதறுதல்: புதிய விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் உள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில் மாணவர்களின் அருகே அமர்ந்து பறக்கும்போது, தொடக்கக் காலத்தில் நான் செய்த அதே தவறுகள் ஆள் மாறி ஆள் திரும்பி வருவதைக் காண்கிறேன். எரிபொருள் அளவைப் பார்க்க மறப்பது, சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிவிடுவது போன்றவற்றை எந்தப் பயிற்றுநரும் முதல் வாரத்திலேயே கண்டித்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறந்துகொண்ட கதவு

பைப்பர் செரோக்கி விமானத்துக்கு வலப்பக்கத்தில் ஒரே ஒரு கதவுதான் உண்டு. அதன் மேல் கொக்கி சரியாக விழாவிட்டால், பறக்கும்போது கதவு சில விரற்கடை அளவுக்குத் திறந்துகொண்டு பேரிரைச்சல் எழுப்பும். உரிமம் பெற்ற புதிதில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த என் மாமாவை அழைத்துப் பறந்தபோது, ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் எடுக்கும் வேளையில் இதுதான் நேர்ந்தது. அவர் மடியிலிருந்த வரைபடம் படபடத்தது. "தம்பி, கதவு!" என்று அவர் பதறியதும், அவருக்குக் குறுக்கே சாய்ந்து கைப்பிடியை இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வேகம் 75 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) அளவிலிருந்து 60 நாட் அளவுக்கு இறங்கியிருந்தது. சாய்வு 40 பாகையைத் தாண்டியிருந்தது. இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் விசையை இழக்கும் நிலையான ஸ்டால் நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்தது. தரைக்கும் எங்களுக்கும் இடையே 500 அடிதான் இருந்தது. மூக்கைத் தாழ்த்தி, இறக்கைகளை மட்டமாக்கி, முழு விசை கொடுத்து மேலேறினேன்.

நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது ஏறத்தாழ 60 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். அங்கிருந்து சுழலத் தொடங்கினால் மீள்வதற்கு 500 அடி போதாது. திறந்த கதவாலோ விமானம் விழுவதில்லை; அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொண்டே தரையிறங்கிவிடலாம். இதை வகுப்பில் ஒப்பித்த மாணவரே மேலே போனதும் கதவை நோக்கிக் கை நீட்டுவதைக் காணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அனுபவசாலிகளும் இதற்கு விலக்கல்லர். 1972 டிசம்பர் 29 இரவு மயாமியில் தரையிறங்கவிருந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில், முன்சக்கரத்தைக் காட்டும் விளக்கு எரியாத காரணத்தை விமானிகள் ஆராய்ந்துகொண்டிருக்க, விமானம் மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 101 பேர் மாண்டனர்.

கைபேசி

தரையிறங்குவதற்காக ஓடுபாதையை ஒட்டி வளைந்து வரும் சுற்றுக்குள் நுழைந்தபின் அதைத் தொடவே கூடாது.

பயணியிடம் முன்கூட்டியே சொல்லாமை

10,000 அடிக்குக் கீழே, பறத்தலுக்குத் தேவையற்ற பேச்சு விமானிகளிடையே கூடாது என்று 1981இல் அமெரிக்காவில் பயணிகள் விமானங்களுக்கு விதி வந்தது. சிறு விமானத்தில் நமக்கு அந்த எல்லை பொருந்தாது. பெரும்பாலும் அதற்குக் கீழேதான் பறக்கிறோம். ஆகவே, "நான் கை உயர்த்தினால் ஓடுபாதையை விட்டு வெளியேறும் வரை பேச வேண்டாம், வேறு விமானம் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்று எஞ்சினை இயக்குமுன் பயணியிடம் கூறிவிடுகிறேன்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதிலளித்தல்

முதலில் வேகத்தைப் பாருங்கள், பிறகு பேசுங்கள்.

மீண்டும் மேலேறத் தயங்குதல்

கவனம் கலைந்துவிட்டது என்று தோன்றினால் முழு விசை கொடுத்து மேலேறி இன்னொரு சுற்று வாருங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். அண்மையில் ஒரு மாணவிக்குக் கடைசித் திருப்பத்தில் கதவு திறந்துகொண்டது. அவர் அதைத் திரும்பியும் பாராமல் வேகத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இறக்கி, விமானத்தை நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியபின்தான் கதவைச் சாத்தினார்.