கொப்பியில் எழுதிய கிலோ

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். ஒரு நாளில் 18 கிலோ நிறுத்தால்தான் எங்களுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். எங்கள் லயத்து (வரிசை வீட்டு) அக்கா ஒருவர் தராசடியில் எல்லாரும் கேட்க, "இவளுக்கு எங்கே முழுப்பேர் விழப்போகுது?" என்பார். அன்றைக்குச் சோறு இறங்காது. பதில் சொன்னால் இன்னும் பேசுவார். அழுதால் அதைவிட மோசம்.

அப்புறம் மகளின் பழைய கொப்பியில் தினமும் நிறுத்த கிலோவைக் குறித்து வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் புரட்டினால், அடைமழை பெய்த இரண்டு நாளைத் தவிர 18க்குக் குறையவே இல்லை. அட, இதற்கா கூனிக் குறுகினேன்!

அடுத்த முறை, "சரிக்கா, தராசு சொல்லட்டும்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். கங்காணியிடம் கேட்டு, நான் கொழுந்து எடுக்கும் நிரையையும் மாற்றிக்கொண்டேன். அந்த அக்காவின் வாய் ஓயவில்லை. தேத்தண்ணி நேரத்தில் மழை, ரொட்டி பற்றி மட்டும் அவரோடு பேசுகிறேன்.