உபுண்டு சர்வரில் ஐபி முகவரி மாறாமல் வைப்பது எப்படி

முதலில் 'ஐபி ஏ' கட்டளையைத் தட்டி நெட்வொர்க் கார்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நெட்பிளான் (உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் கருவி) ஃபோல்டரில் இருக்கும் யாமல் அமைப்புக் கோப்பை, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு திறந்து, அந்தப் பெயருக்குக் கீழே முகவரியைத் தானாக வாங்கும் டிஹெச்சிபி4-ஐ நிறுத்திவிட்டு, 192.168.1.50/24 என்பதுபோல முகவரியை எழுதுங்கள். கடைசியில் வரும், நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் /24 இல்லாவிட்டால் நெட்பிளான் ஏற்காது. ரவுட்டர் தானாகப் பிறருக்குக் கொடுக்கும் வரம்புக்குள் இருக்கும் எண் வேண்டாம், மோதும். ரவுட்டர் முகவரி ரவுட்ஸ் பகுதியில் போகும்; டிஎன்எஸ் (இணையப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரி நேம்சர்வர்ஸ் பகுதியில் போகும். வரிகளைத் தள்ளி எழுத ஸ்பேஸ் மட்டும்தான், டேப் தட்டவே கூடாது.

சேமித்ததும் நேராக 'நெட்பிளான் அப்ளை' கொடுக்காதீர்கள், 'சூடோ நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 நொடிக்குள் என்டர் தட்டாவிட்டால் அதுவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும் என்பதால், எங்கோ இருக்கும் சர்வரை எஸ்எஸ்ஹெச் வழியாக மாற்றும்போது இணைப்பு அறுந்தாலும் மறுபடி உள்ளே போய்விடலாம்.