ஒரு நோட்டு, ஒரு பேனா: புல்லட் ஜர்னல் எழுதத் தொடங்குவது எப்படி?

ஈ.பி. பில், பிள்ளையின் ஸ்கூல் பீஸ், ஆபீஸ் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், கேஸ் புக்கிங் என்று எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தால் எதை முடித்தோம், எதை விட்டோம் என்பதே குழம்பிவிடும். பாதி போனில் இருக்கும், பாதி தினசரி காலண்டர் தாளில், கொஞ்சம் வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொண்ட மெசேஜில். இத்தனையையும் ஒரே நோட்டுக்குள் கொண்டுவரும் முறைதான் புல்லட் ஜர்னல். நியூயார்க்கில் டிசைனராக இருந்த ரைடர் கேரல் தனக்காக உருவாக்கி, 2013-இல் இணையத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். சின்ன வயதிலேயே கவனக்குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர் அவர். அதனாலோ என்னவோ, இந்த முறையில் நீட்டி முழக்கும் வேலையே இல்லை. எல்லாம் ஒற்றை வரிதான்.

இன்ஸ்டாகிராமில் தேடினால் வாட்டர்கலர் பூக்களும் வண்ண டேப்பும்தான் கண்ணில் படும். அதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். கேரல் சொன்ன முறைக்கு அலங்காரம் எதுவும் தேவையில்லை.

1. நோட்டு

ஏ5 அளவு, அதாவது ஏ4 தாளில் பாதி, கைப்பையில் அடங்கும். கோடு போட்டதோ போடாததோ, இருநூறு பக்கத்தை ஒட்டி இருந்தால் போதும். தேதி அச்சிட்ட டைரி மட்டும் வேண்டாம். வேலை குவிந்த நாளில் அதில் இடம் பற்றாது. ஊருக்குப் போன வாரத்தில் பக்கங்கள் வீணாகும். வாங்கியதும் பக்க எண் போட்டுவிடுங்கள். முழு நோட்டுக்கும் ஒரே மூச்சில் போட வேண்டியதில்லை, முதல் முப்பது பக்கத்துக்குப் போட்டால் தொடங்கிவிடலாம்.

2. பொருளடக்கமும் வரும் மாதங்களும்

முதல் நான்கு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள். அடுத்து எதிரெதிரான இரண்டு பக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தால் ஆறு மாதம் கிடைக்கும். வண்டி இன்சூரன்ஸ் முடியும் தேதி, ஆவணியில் வரும் கல்யாணம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. பில் எல்லாம் இங்கே.

3. இந்த மாதம்

இடது பக்கத்தில் 1 முதல் 31 வரை மேலிருந்து கீழே எழுதி, பக்கத்தில் கிழமையின் முதல் எழுத்து: ஞா, தி, செ, பு... அந்தத் தேதியில் ஏதாவது இருந்தால் அதே வரியில் எழுதலாம். வலது பக்கத்தில் இந்த மாதம் முடிக்க வேண்டிய வேலைகள்.

4. தினக்குறிப்பு

தினமும் கை படும் பக்கம் இதுதான். செய்ய வேண்டிய வேலைக்குப் புள்ளி, நடக்கப்போகும் நிகழ்வுக்கு வட்டம், நினைவில் வைக்க வேண்டியதற்குச் சின்னக் கோடு. ஒரு நாள் இப்படி இருக்கும்:

ஜூலை 14, செவ்வாய்
• ஈ.பி. பில் கட்ட
○ ஸ்கூலில் பெற்றோர் கூட்டம், 3 மணி
– கணக்கு டீச்சர்: பின்னத்தில் தடுமாறுகிறான், தினமும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார்
• அப்பாவுக்கு பி.பி. மாத்திரை
• டெய்லரிடம் பிளவுஸ் வாங்க

முடித்ததும் அந்தப் புள்ளியின் மேலேயே × போடுங்கள். இன்றைக்கு நான்கு வரி, நாளைக்கு இருபது வரி என்று இருக்கலாம். நாளைக்கு என்று முன்கூட்டியே இடம் ஒதுக்காமல், இன்று முடிந்த இடத்துக்குக் கீழேயே அடுத்த தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. மாதக் கடைசியில் நகர்த்துவது

இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மாதம் முடிந்ததும் பக்கங்களைப் புரட்டி, × விழாத புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்த மாதமே செய்ய வேண்டியதென்றால் புள்ளியை > ஆக்கிவிட்டு, புது மாதப் பக்கத்தில் மறுபடி கையால் எழுதுங்கள். இன்னும் தள்ளிப் போவதென்றால் < போட்டு வரும் மாதங்களின் பக்கத்துக்கு. இனி தேவையே இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

போன் ஆப்பில் முடியாத வேலை தானாகவே அடுத்த நாளுக்குப் போய்விடும், பட்டியல் சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போகும். நோட்டில் அப்படி நடக்காது, நீங்களே எழுதினால்தான் உண்டு. "பழைய பீரோவை விற்க" என்று மூன்றாவது மாதமாக எழுதும்போது, விற்கப்போகிறோமா இல்லையா என்று கையே நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். நான் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

நகராமல் நிற்கும் வேலை பல சமயம் ஒரே வேலையாக இருக்காது. "பட்டா பெயர் மாற்ற" என்று எழுதினால் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். "பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க", "வில்லங்கம் போட", "இ-சேவை மையம் போக" என்று உடைத்து எழுதுங்கள். முதல் புள்ளி இன்று மாலையே ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் முடிந்துவிடும்.

6. தனிப் பக்கங்கள்

ஒரே விஷயம் அடிக்கடி வந்தால் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, பக்க எண்ணைப் பொருளடக்கத்தில் குறியுங்கள். அப்பாவின் சர்க்கரை அளவு, பிள்ளையின் தடுப்பூசித் தேதிகள், மொய்க் கணக்கு என்று அவரவர் வீட்டுக்கு ஏற்றபடி. மொய்க்குப் பெரிய நோட்டு வீட்டில் ஏற்கெனவே இருக்கும். இங்கே இந்த வருஷம் திருப்பிச் செய்ய வேண்டியவர்களின் பெயர் மட்டும் போதும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நோட்டு மணியடிக்காது. மூன்று மணிக் கூட்டத்துக்கும் மாத்திரை நேரத்துக்கும் போனில் அலாரம் வையுங்கள். அப்புறம், பாஸ்வேர்டு, ஏ.டி.எம். பின் எதையும் இதில் எழுதாதீர்கள். பையோடு தொலைந்தால் வம்பு.

நடுவில் பத்து நாள் விட்டுப்போனால் விட்டதை நிரப்ப உட்கார வேண்டாம். கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைகளிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.